குடியேற்றம் 2

பன்னிரண்டு மணிக்கு ஷிப்ட் விட்டு வந்து
கையில் ரோலர் கிரீஸ் முழுதாய்ப் போகாமலே
நிரோஜினியின் லெப்டொப்பைத் திறக்கிறேன்.
அவள் அதைத் தவணையில் வாங்கியது
கணக்கியல் படிக்க.
நான் படிப்பது
ஒரு தீவை நடத்த.

மஞ்சள் அம்பு சொல்கிறது:
பன்னிரண்டு பேர் கரையிறங்கியிருக்கிறார்கள்.
மரம் வெட்டு. வெட்டினேன்.
உலை வை. வைத்தேன்.
சுரங்கத்திலிருந்து உலைக்கு பெல்ட் போடு.
திருப்பிப் போட்டுவிட்டேன்.
நிலக்கரி எல்லாம் கடலைப் பார்த்து ஊர்ந்து
ஒவ்வொன்றாய் விழுந்தது.
பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் எல்லோருக்கும் பசி.
சாப்பாட்டைப் பற்றி
நாலாவது பாடத்தில்தான் வருமாம்.

ஒன்றை மட்டும் எனக்கு
எந்த அம்பும் காட்டத் தேவையில்லை.
ஒரு மெசின் அவசரப்பட்டால்
அடுத்ததன் வாயில் குவியும்.
வாடல் தட்டில் கொழுந்து காத்துக் கிடக்க
ரோலர் நின்றுபோன இரவுகளின் புளித்த வாசம்
என் சட்டையில் இன்னும் இருக்கிறது.
ஆகவே முதலில் இரண்டாவது உலை,
பிறகே இரண்டாவது சுரங்கம்.
அம்பு ஒரு நட்சத்திரம் தந்தது.

ஓர் ஆளின் மேல் சொடுக்கினால்
அவன் வேலையின் சதவீதம் தெரிகிறது.
பசித்தவனுக்கு ஐம்பது.
நான் அதை வாய்விட்டு வாசித்தேன்:
அரைப்பேர்.
கிலோ குறைந்த நாளில்
அம்மா வீட்டுக்குக் கொண்டுவருவது.

கப்பல் வருகிறது,
இன்னும் எத்தனை தலை வேண்டும் என்றது.
வலப்பக்கம் இழுத்தால் எண் ஏறும்.
இழுத்தேன்.
அவர்களுக்குச் சோறு இருக்கிறதா என்று
அது கேட்கவில்லை.
நானும்.

வீடுகளின் பட்டியலில் மலிவானது
நீளமாக ஒன்று: பத்துக் கதவு, ஒரே கூரை.
மரம் மிச்சமாகும் என்று எழுதியிருந்தது.
கட்டினேன். மிச்சம்தான்.
பக்கத்துக் காம்பராவில்
மரியசெல்வம் அண்ணன் இருமினார்.
சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

அப்புறம் மின்சாரம்.
பள்ளத்தாக்கின் கழுத்தில் ஓர் அணை வை என்றது.
வைக்கப் போனால் ஒரு சிவப்புப் பெட்டி:
ஆறு கட்டடங்கள் மூழ்கும். தொடரலாமா?
ஆம். இல்லை.

தூக்கம் கலைந்த நிரோஜினி
தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.
'மூழ்குறத எந்தப் பக்கம் எழுதுவாங்க,
வரவுலயா செலவுலயா?'
தேடினேன். அப்படி ஒரு பக்கமே இல்லை.

மஸ்கெலியாவில் உட்கார்ந்துகொண்டு
இந்தப் பெட்டிக்கு முன்னால்
எவ்வளவு நேரம் யோசிக்கலாம்?
மழை பொய்த்த வருசம் தண்ணீர் இறங்கினால்
பழைய டவுனின் கோயில் தலைகாட்டும்.
போய்ப் படம் எடுத்திருக்கிறோம்,
வெடித்த சேற்றில் நின்று,
பல் தெரிய.

ஆம் என்றுதான் அழுத்தினேன்.
நீர் ஏறுவதை நன்றாகச் செய்திருக்கிறார்கள்.
கூரைகள் கொஞ்சம் மினுங்கி
பிறகு நீலம்.
உலைகள் எல்லாம் ஒரே மூச்சில் எரிந்தன,
அம்பு துள்ளியது.
அந்த நேரம் பார்த்து
எங்கள் பக்கம் கரண்ட் போனது.
பற்றரியில் மிச்சம் ஒன்பது நிமிசம்.
சேமிக்கவா என்றது.
வேண்டாம் என்றேன்.

கரண்ட் வந்தபோது
வெளியே பெரட்டுக்குப் போகிறவர்களின் பேச்சுச் சத்தம்.
புதிதாகத் தொடங்கினேன், அம்பை அணைத்துவிட்டு.
முதலில் கிணறு. அடுத்தது உருளைக்கிழங்கு.
நாலு பேருக்கு ஒரு வீடு,
வீட்டுக்கு நாலு சுவர், அதற்கே சொந்தமாக.
இரும்பு பிந்தும். பிந்தட்டும்.
காற்றாலை இரண்டு.
காற்று விழுந்தால் உலை நிற்கும்,
எனக்கும் லீவு.

பெயர் கேட்டது.
குடியேற்றம் 2 என்று தானாக வந்திருந்ததை அழித்து
எங்கள் டவுனின் பெயரைத் தமிழில் அடித்தேன்.
அதற்குத் தமிழ் தெரியாது.
வெற்றுப் பெட்டிகள் மட்டும்
ஒட்டி ஒட்டி
ஒரே வரிசையில்.

எண்ணிப் பார்த்தேன். ஒன்பது.
ஒரு கதவு குறைகிறது.